பெட்டியின் பின்பக்கம்

டீயை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், வீணாபென். ஆறினதைச் சுடவைத்தால் நன்றாக இருக்காது. நான் உட்காரவில்லையே என்று தப்பாக நினைக்காதீர்கள். கொஞ்ச நாளாக ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை. துடைத்த மேடையையே மறுபடி துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் தம்பியின் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று நேற்று டாக்டர் சொன்னதும் நீங்கள் என்னைத்தான் பார்த்தீர்கள். வீட்டில் பொட்டுச் சர்க்கரை கிடையாதே, பிறகு எப்படி என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

அவர் நல்லவர். அகமதாபாதில் எந்தத் துணி வியாபாரியையும் கேளுங்கள். ரசிக்லால் முத்திரை குத்தின துணிக்கட்டில் முழுப் பருத்தி என்றிருந்தால் முழுப் பருத்திதான். அந்தப் புத்தியால் அடுத்தவன் முத்திரையையும் சத்தியமாக நினைத்துவிட்டார். சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து சூப்பர் மார்க்கெட்டில் பெட்டிகளின் முன்பக்கத்தைப் படித்துப் படித்து எடுப்பார். நீரிழிவுக்காரருக்கு உகந்த கக்ரா ரொட்டி. சர்க்கரை சேர்க்காத பேரீச்சை லட்டு. ஏகாதசிக்குத் தானியம் கூடாதே, அன்றைக்கென்று விரத மிக்சர், மேலே பச்சை இலைப் படம் போட்டது. விரதமும் ஆயிற்று, சர்க்கரையும் இறங்கும் என்று பொழுதெல்லாம் கொறிப்பார். உள்ளே இருந்ததெல்லாம் உருளைக்கிழங்கும் ஜவ்வரிசியும்.

நான் சொல்லாமல் இல்லை. பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைக் காட்டினேன். பாகு, மைதா, மாவுச்சத்து. கடையில் அத்தனை பேர் நிற்கும்போது அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"பாருங்கப்பா, என் பெண்டாட்டி கம்பெனிக்காரனுக்கே பாடம் எடுக்கறா. இவ கையிலயும் பாவக்காய், நாக்குலயும் பாவக்காய்."

பில் போடுகிற பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று நான் செய்த வெந்தயக்கீரையை அவர் தொடவில்லை. அவமானமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அப்புறம் நான் வாய் திறக்கவில்லை. ஊதுகிற சங்கை ஊதியாயிற்று, விடிகிறபோது விடியட்டும் என்று கேட்டதை வாங்கினேன், கேட்டபோது கொடுத்தேன். இதுவரை என்மேல் குற்றமில்லை. நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது.

கொஞ்சம் இருங்கள், கூப்பிட்டாரா? இல்லை, தூக்கத்தில் முனகுகிறார்.

தீபாவளி கழிந்து அவருக்குக் கண் மங்கிற்று. கால் விரலில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. ஒருநாள் மத்தியானம் லட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். பெண்டாட்டியிடம் தணிந்து பேசி அறியாத மனிதர், தணிந்துதான் கேட்டார்.

"தரு, அன்னிக்கு நீ என்னமோ சொன்னியே. பின்னாடி என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லேன். எனக்குப் பயமா இருக்கு."

பெட்டியை வாங்கித் திருப்பினேன். எழுத்து எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"பின்னாடியும் அதேதான் போட்டிருக்கு. சர்க்கரை சேர்க்கல. பயப்படாம சாப்பிடுங்க."

"சத்தியமா?"

"உங்ககிட்ட நான் பொய் சொல்வேனா?"

அவர் முகம் தெளிந்தது. லட்டைப் பிட்டு எனக்கும் பாதி கொடுத்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் கேட்டார், ஒவ்வொரு பெட்டிக்கும் அப்படியே படித்தேன். விரல் கறுத்தபோதும் படித்தேன். என் கோபமெல்லாம் அந்த முதல் நாளே தீர்ந்துபோயிற்று, அதுதான் வேடிக்கை. பிறகு எதற்குப் படித்தாய் என்கிறீர்கள். அவர் என் குரலுக்காகக் காத்திருப்பார், வீணாபென். நான் சரி என்று சொல்லாமல் ஒரு துணுக்கை வாயில் வைக்க மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒருநாள் எனக்கு வாய்த்ததில்லை. உள்ளதை உள்ளபடி படித்திருந்தால் அவர் தேறியிருப்பார். தேறி எழுந்து, என்னைப் பார்த்து எல்லாரும் சிரித்த அந்தக் கடைக்குத்தான் மறுபடி போயிருப்பார்.

டீ அப்படியே இருக்கிறதே. சரி, வையுங்கள்.

காலை எடுத்த பிறகும் நான்தான் பார்த்துக்கொள்வேன். உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிறேன் என்கிறீர்கள், வேண்டாம். கண் தெரியாத மனிதர். அங்கே யார் எதைச் சொல்லி எதைக் கொடுப்பார்களோ, அவருக்கு நம்பிக்கை வராது.