மீட்டரில் ஏறாத கிலோமீட்டர்கள்

என் கார் நூறு கிலோமீட்டருக்கு நாலு லிட்டர் பெட்ரோல்தான் குடிக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் அர்ன்தீஸ். முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். எனக்கு முதல் என்பது அதுதான். ஐம்பத்தெட்டு வயதில், முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்க இடிக்க, ஆறடி உடம்பை மடக்கி அந்தச் சின்ன வண்டிக்குள் உட்கார்ந்தேன். பெட்ரோலில் வரி இருக்கிறது, குறைவாகக் குடிக்கும் வண்டி வைத்திருப்பவன் குறைவாகக் கட்டுவான் என்று அரசாங்கம் சொன்னது. நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவன். ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு ஜனவரியில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். பெட்ரோல் பங்கில் விலை இறங்கியது, ஊரே பல்லைக் காட்டியது. அதற்குப் பதிலாக ஓட்டுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கட்டணம். மூன்றரை டன்னுக்குள் இருக்கிற எல்லா வண்டிக்கும் ஒரே கட்டணம். என் தீப்பெட்டிக்கும் அதே, பக்கத்துப் பண்ணை ஸ்துர்லாவின் ஜீப்புக்கும் அதே. அந்த ஜீப் நின்றுகொண்டே என் காரைவிட அதிகம் குடிக்கும். வரி போனதில் அவனுக்கு லாபம், எனக்குத் தண்டம். நான் என்ன தப்புச் செய்தேன் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

எனக்குக் கடை, மருத்துவமனை எல்லாம் ஹ்ராப்னா மேட்டுக்கு அந்தப் பக்கம். மேட்டின் மேலே போனால் இருபத்து மூன்று கிலோமீட்டர். பனியில் மேடு மூடிவிட்டால் கடலோரமாகச் சுற்றிக்கொண்டு அறுபத்தொன்று. தலைநகர் ரேக்யவீக்கில் உட்கார்ந்து சட்டம் எழுதுகிறவர்களுக்கு வாசலைத் திறந்தால் கடை. ஒரு பாக்கெட் காபித்தூளுக்கு எத்தனை கிலோமீட்டர் ஆகும் என்று அவர்கள் யோசித்திருக்கவே மாட்டார்கள்.

மீட்டர் எண்ணை நாமே பார்த்து, நாமே பதிய வேண்டும். நம்பிக்கையின் பேரில் நடக்கிற காரியம். வருஷத்துக்கு ஒரு முறை பதிந்தால் போதும் என்றார்கள். நான் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில், காபிகூடக் குடிக்காமல், டார்ச் அடித்துப் பார்த்துப் பதிந்தேன்.

ஸ்துர்லா என்ன செய்தான் என்பதை அவன் வாயாலேயே கேட்டேன். சனிக்கிழமை, நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்திருந்தோம். ஆறு பேர் இருந்தார்கள்.

"என்ன ஓட்கெயிர், உன் தையல் மெஷின் இந்த மாசம் எத்தனை கிலோமீட்டர் தச்சுது?" என்றான்.

"எழுநூத்திப் பன்னெண்டு," என்றேன். கேட்டால் சொல்லுவதுதானே மரியாதை.

"அடப்பாவி, ஒண்ணுகூட விடாம எண்ணி வெச்சிருக்கான் பாருங்கப்பா. என் வண்டி ரொம்ப அடக்கமானது. நாப்பது ஓட்டினா முப்பத்து மூணுதான் ஓட்டினேன்னு சொல்லும்."

தொட்டித் தண்ணீர் தளும்பச் சிரித்தார்கள். விஷயம் இதுதான்: அவன் ஜீப்பில் என் இடுப்பு உயரத்துக்குப் பெரிய சக்கரம் மாட்டியிருந்தான். மீட்டர் எண்ணுவது சக்கரத்தின் சுற்றுகளை. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. பெரிய சக்கரம் போட்டால் மீட்டரைத் திருத்த வேண்டும் என்பது விதி. இவன் வருஷாந்திர வண்டி ஆய்வுக்குச் சின்னச் சக்கரத்தில் போவான், வீட்டுக்கு வந்ததும் மாற்றிக்கொள்வான்.

கட்டணம் வசூலிக்கிற அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"உங்க வண்டியோட மீட்டரை நீங்க பதிஞ்சா போதுங்க."

"நான் பதிஞ்சிட்டேன்மா. அவன் வண்டியைப் பத்திச் சொல்றேன்."

"அதை அவர் பதிவாருங்க."

மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது: உங்கள் கருத்துக்கு நன்றி. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அடுப்பில் மீன் தீய்ந்துபோயிருந்தது. கத்தவேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

அவன் மனைவி இங்குன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மருத்துவமனையில் நர்ஸ். போன வருஷம் என் கையில் இரும்பு கிழித்தபோது, டியூட்டி முடிந்து வரும் வழியில் பத்து நாள் நின்று கட்டு மாற்றிவிட்டுப் போனாள். ஒரு பைசா வாங்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் நன்றி மறந்தவன் இல்லை.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேட்டுப் பாதையின் இந்தப் பக்கத்து கேட் என் பொறுப்பு. பனி தள்ளும் லாரியும் என்னிடம்தான். புயல் எச்சரிக்கை உள்ள நாட்களில் மேலே ஏறுகிற வண்டிகளை எண்ணி நோட்டில் குறித்து, அந்தப் பக்க கேட்காரரோடு போனில் ஒத்துப்பார்ப்பேன். எத்தனை ஏறின, எத்தனை இறங்கின. ஒன்று குறைந்தால் மீட்புக் குழு கிளம்பும். அவர்கள் எல்லாம் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். என் வார்த்தையை நம்பித்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவார்கள். பதினேழு வருஷத்தில் ஒரு எண் தப்பியதில்லை. கிலோமீட்டர் கட்டணம் வந்த பிறகு சுற்றுப் பாதையில் யாரும் போவதில்லை, எல்லோரும் மேட்டில்தான் ஏறினார்கள். எனக்கு வேலை மூன்று மடங்கு ஆனது. அதற்கும் ஒரு கடிதம் எழுதினேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, மதியம் இரண்டு பத்துக்குச் சாலைத் துறைக்காரர்கள் போனில் கூப்பிட்டார்கள். புயல் முன்கூட்டியே வருகிறது, உடனே மூடு என்றார்கள். அதுவரை ஏறியவை நாலு, நாலும் இறங்கிவிட்டன. சாவியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். கேட் உறைந்துபோய் அசையவில்லை என்று முதல் நாள் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது பொய். கேட் சுலபமாகத்தான் அசைந்தது. கீழே வளைவில் ஒரு ஜீப்பின் விளக்கு தெரிந்தது. விளக்கின் உயரத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. கேட்டை அப்படியே விட்டுவிட்டு நின்றேன்.

ஸ்துர்லா கண்ணாடியை இறக்கினான். "தொறந்துதானே இருக்கு?"

"தொறந்துதான் இருக்கு."

"நல்ல வேளை. சுத்திப் போனா அறுபத்தொண்ணு. அவ்வளவு தூரம் பொய் சொல்ல என் மீட்டருக்கே கூச்சமா இருக்கும்."

இங்குன் அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். "காத்து ஏறுதே ஓட்கெயிர். நாலு மணிக்கு எனக்கு டியூட்டி. போலாமா, இல்ல சுத்திக்கிட்டே போயிடவா?"

"ஸ்துர்லா வண்டிக்கு என்ன," என்றேன். "தாராளமா போலாம்."

அவள் கையசைத்தாள். நானும் அசைத்தேன். ஜீப் பனிக்குள் மறைந்ததும் கேட்டை மூடிப் பூட்டினேன். அப்போது மணி இரண்டு முப்பத்தொன்று. நோட்டில் இரண்டு பத்து என்று எழுதினேன். ஏறியவை நாலு என்று எழுதினேன்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டீர்கள். கொஞ்ச தூரம் போய்த் திணறித் திரும்பி வருவான், பூட்டின கேட்டுக்கு உள்ளே நின்று ஹார்ன் அடிப்பான், நான் மெதுவாகச் சாவியோடு போவேன் என்று நினைத்தேன். ஒரே ஒரு முறை அவன் என்னிடம் உதவி கேட்டு நிற்க வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை. ஒரு மணி நேரம் லாரியில் உட்கார்ந்து காத்திருந்தேன். அவன் வரவில்லை. அதிலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நாலு மணிக்கு மீட்புக் குழுத் தலைவி தாக்னி கூப்பிட்டாள். "மேல யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

"எல்லா வண்டியும் எறங்கிடுச்சா?"

"நாலும் எறங்கிடுச்சு."

"நீ சொன்னா சரி," என்று வைத்துவிட்டாள்.

ஐந்து மணிக்கு அவளே ஆட்களோடு என் வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் பனி. "இங்குன் டியூட்டிக்கு வரலையாம். ரெண்டு பேர் போனும் கெடைக்கல. உன் கேட் பக்கம் வரவே இல்லையே?"

"வரல. சுத்துப் பாதையில போயிருப்பாங்க."

"மேட்டுல ஒரு தடவை பாத்துடவா?"

"ரெண்டு பத்துக்கே பூட்டிட்டேன், தாக்னி. இந்தக் காத்துல உன் ஆளுங்களை எதுக்குக் கொல்ற?"

எல்லோருக்கும் காபி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கடலோரமாகக் கிளம்பினார்கள். அறுபத்தொரு கிலோமீட்டரும் பள்ளம் பள்ளமாகத் தேடினார்கள். அப்போது ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். சொன்னால் நோட்டில் இருக்கிற நேரம் பொய் என்று ஆகிவிடும். பதினேழு வருஷம் எழுதிய எண்களையும் பிறகு யார் நம்புவார்கள்? ஒரு நாளைக்காக எல்லாவற்றையும் அழிப்பது நியாயமாகப் படவில்லை.

மறுநாள் மதியம் அந்தப் பக்கத்து லாரிதான் ஜீப்பைக் கண்டுபிடித்தது. கேட்டிலிருந்து ஒன்பதாவது கிலோமீட்டர். கண்ணாடி வரைக்கும் பனி. சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள், புகைக்குழாய் பனியில் அடைத்துப் புகை உள்ளே வந்துவிட்டது. ஸ்துர்லா ஸ்டீயரிங்கில் சாய்ந்தபடி செத்திருந்தான். இங்குன் பக்கத்துக் கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியிருந்ததால் அவள் பிழைத்தாள். குளிரில் செத்துப்போன விரல்களை இரண்டு கையிலும் எடுத்துவிட்டார்கள் என்று சொன்னீர்கள். கேட்டதும் வருத்தமாக இருந்தது.

இன்று காலை அவள் சொன்னதைப் படித்துக் காட்டினீர்கள். ஜீப் சிக்கிய முதல் ஒரு மணி நேரம் பாதையோரத்து மஞ்சள் கம்புகள் தெரிந்தனவாம். கம்பைப் பிடித்துக்கொண்டே கீழே நடந்துவிடலாம் என்று ஸ்துர்லா கோட்டை மாட்டினானாம். இவள்தான் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாளாம். "ஓட்கெயிர் நம்மளைப் பாத்தான். எண்ணி வெச்சிருப்பான். வண்டியிலயே இரு, ஆள் வரும்" என்றாளாம். ஒவ்வொரு முறை அவன் எழுந்தபோதும் அதையே சொன்னாளாம்.

சரி, நான் மறைக்கவில்லை. மூடச் சொன்ன பிறகும் தெரிந்தே திறந்து வைத்தேன். போகலாம் என்று என் வாயால் சொன்னேன். பின்னாலேயே பூட்டினேன். மேலே இரண்டு உயிர் இருப்பது தெரிந்தே யாரும் இல்லை என்றேன், தேட வந்தவர்களை வேறு பக்கம் அனுப்பினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அர்ன்தீஸ். அதையும் சேர்த்துவிட்டால் நியாயமாக இருக்கும். நடந்து வந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். அவனை வண்டியை விட்டு இறங்கவிடாமல் பிடித்து வைத்தது நான் இல்லை, இங்குன்.