சாமி படத்துக்குப் பின்னால ஒரு பல்லு கார்டு

அட, கைதட்டலை அப்புறம் வெச்சுக்கலாமுங்க. இன்னிக்கு நம்ம பஸ் கம்பெனியில எல்லாருக்கும் பல்லு இன்சூரன்ஸ் கார்டு புதுப்பிச்சுக் குடுத்திருக்காங்க. வாங்கின கையோட பாதிப்பேரு அதைப் பர்ஸுக்குள்ள பத்திரம் பண்ணிட்டீங்க. பார்த்துட்டுத்தானே இருக்கேன்! அதனால ஒரு குட்டிக் கதை. கதைன்னா கதையில்லைங்க... என் வண்டியில நடந்தது.

அப்ப நான் பொள்ளாச்சி உடுமலை ரூட்டுல டிரைவர். என் கண்டக்டர் சென்னியப்பண்ணன். அந்த மனுசன் விசிலே வெச்சுக்க மாட்டாரு. நாக்கை முன்பல்லுல அண்டக் குடுத்து ஒரு சீட்டி அடிப்பாரு பாருங்க... சந்தையில நிக்கிற மாடெல்லாம் திரும்பிப் பார்க்கும்! ஒரு சீட்டின்னா நிறுத்து. ரெண்டு சீட்டின்னா போலாம். பன்னெண்டு வருசம் அந்தச் சத்தத்துக்குத்தான் நான் கியர் போட்டேன். இப்பவும் காதுலயே இருக்குதுங்க.

அந்தச் சமயத்துலதான் முதலாளி மொதமொதலா இந்தக் கார்டைக் குடுத்தாரு. வருசம் ஒருக்கா போய்ப் பல்லைக் காட்டிச் சுத்தம் பண்ணிக்கலாம், அஞ்சு காசு செலவில்லை. யாராச்சும் போனோம்? ஒருத்தரும் போகலை!

ஒரு நாள் அண்ணன் கொய்யாக்காயைக் கடிச்சாரு. காயெல்லாம் ரத்தம்.

"அண்ணே, ஈறுல ரத்தம் வருது. கார்டுதான் இருக்குதல்ல, போய்க் காட்டுங்க."

"போடா ஆறுச்சாமி! வலிக்குதா? வலிக்கலை. இதுக்குப் போய்க் கார்டை நீட்டிட்டா, நாளைக்குப் பெருசா ஏதாச்சும் வந்தா எதைடா நீட்டறது?"

அந்தக் கார்டு எங்க இருந்துச்சு தெரியுமுங்களா? பாலிதீன் கவர் போட்டு, திருநீறு வெச்சு, முருகன் படத்துக்குப் பின்னால! நான் மட்டும் யோக்கியமா? என் கார்டு பீரோவுல, பட்டுச்சேலைக்கு அடியில.

ஏழு வருசம் போச்சு. முன்பல்லு நாலும் ஆட ஆரம்பிச்சுது. அப்பத்தான் அண்ணன் முருகன்கிட்ட இருந்து கார்டை எடுத்தாரு. கூட நானும் போனேன். டாக்டரம்மா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"ஏனுங்கய்யா, இது மடிப்புக்கூடக் கலையலையே! ஒரு தடவைகூட வரலையா?"

"பெருசா வரட்டும்னு வெச்சிருந்தேன் தாயி..."

"சிறுசா இருக்கறப்பவே வர்றதுக்குத்தானுங்கய்யா இதைக் குடுத்ததே."

நாலு பல்லையும் எடுத்தாங்க. பல்செட்டு கட்டுனாங்க. கார்டு எல்லாத்துக்கும் பணம் குடுத்துச்சு... சரியா?

மறுவாரம் வண்டி கோமங்கலத்துல நிக்குது. ஆளுக ஏறியாச்சு. நான் கியர் மேல கையை வெச்சுட்டு உக்காந்திருக்கேன். சீட்டி வரலை. கண்ணாடியில பார்க்கறேன்... அண்ணன் வாயைக் குவிச்சுக் குவிச்சு ஊதறாரு. வெறும் காத்துதான் வருது. கண்ணு கலங்கி நிக்கறாரு மனுசன். கடைசியா வண்டித் தகரத்துல கையால ரெண்டு தட்டுத் தட்டுனாரு. வண்டியை எடுத்தேன்.

அன்னிக்கு டூட்டி முடிஞ்சதும் சட்டையைக்கூட மாத்தலை. பீரோவைத் திறந்து, கார்டை எடுத்துட்டு நேரா பல்லு டாக்டர்கிட்டப் போனேன். அப்புறம் ஒரு வருசம்கூடத் தவறலை. இப்ப அறுபத்தெட்டு வயசுங்க எனக்கு. இதோ பாருங்க, அத்தனையும் என் சொந்தப் பல்லு!

கார்டு இருந்தாப் பல்லு நிக்கும்னு யாருங்க சொன்னது? அண்ணன்கிட்டயும் இருந்துச்சு. என்கிட்டயும் இருந்துச்சு. கார்டு பல்செட்டு குடுக்கும், அந்தச் சீட்டியைக் குடுக்குமா? வலிக்கறதுக்கு முந்தி போறவனுக்குத்தான் அந்தக் கார்டு!

சென்னியப்பண்ணன் முன்வரிசையிலதான் இருக்காரு. அண்ணே... அந்த நாற்காலியில ரெண்டு தட்டுத் தட்டுங்க.

கேட்டுச்சுங்களா? ரெண்டு தட்டுன்னா என்ன அர்த்தம்? பல்லு பார்க்க ஒரு டாக்டரம்மா பக்கத்து ரூமுலயே வந்திருக்காங்க. கார்டை எடுத்துட்டுக் கிளம்புங்க!