நூற்று அறுபது வோல்ட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார், எனக்கு ஆடத் தெரியாது. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் கையைப் பிடித்து இழுத்தால்கூட நாற்காலியை விட்டு எழ மாட்டேன். ஆனால் மற்றவர்கள் ஆடுவதற்காக முப்பது நாற்பது வருடத்துக்கு முன் செய்த எலக்ட்ரானிக் இசையின் ஒலிகளை, அச்சு அசலாக சிந்தசைசரில் திரும்பச் செய்வதுதான் என் வேலை. வெளிநாட்டிலிருந்து கேட்பார்கள். இந்த ரெக்கார்டில் அடியில் கனமாக ஒலிக்கும் பேஸ் வேண்டும், அந்த ரெக்கார்டில் வரும் கைதட்டல் வேண்டும் என்று. இரண்டு மூன்று நாளில் பிடித்து அனுப்பிவிடுவேன். ஜெபராஜ் என்றால் அந்த வட்டாரத்தில் கொஞ்சம் பெயர் உண்டு.

பிடிபடாதது ஒன்றே ஒன்று. அது இதே இரும்புலியூரில், தொண்ணூற்று மூன்றில், ஒருவர் தனியாக உட்கார்ந்து பதிவு செய்த கேசட். கல்லூரி விழாக்களில் போடுவதற்காகச் செய்தது. பதினோரு நிமிடம், பாடல் வரிகள் கிடையாது. அடியில் ஒரு பேஸ் ஓடிக்கொண்டே இருக்கும். சில இடங்களில் அது கால் தடுக்கியவனைப் போலச் சரிந்து, விழாமல் நிமிர்ந்துகொள்ளும். அது சரியும்போது கேட்பவனுக்கு அடிவயிறு கூசும். பதினைந்து வயதில் கேட்டேன். இப்போது நாற்பத்தேழு.

இரண்டு வருடம் அதனோடு மல்லுக்கட்டினேன். அவர் வைத்திருந்த அதே மாடல் ஜப்பான் கீபோர்டைத் தேடி வாங்கினேன். அவரைப் போலவே ஸ்பீக்கர் முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. அதில் நாற்பத்தொரு தடவை போட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் வந்தது: கிட்டத்தில் வந்துவிட்டது, ஆனால் அது இல்லை. மோசம் என்று சொல்லியிருந்தால் விட்டுத் தொலைத்திருப்பேன் சார்.

அந்தக் கேசட்டைச் செய்தவர்தான் எலியேசர் சார். அவர் வீட்டின் கீழ்ப் போர்ஷன் காலியானது தெரிந்ததும் குடிவந்தேன். அவருக்கு எழுபத்திரண்டு வயது. நுரையீரல் இறுகிப்போய், காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷினோடு மாடியில் இருந்தார். மூக்கில் எப்போதும் குழாய். மகள் ஜாஸ்மின் காலை ஒன்பதுக்கு ஆபீஸ் போனால் இரவு ஏழுக்குத்தான் வருவாள்.

"நீங்க கீழ இருக்கீங்கன்னாலே எனக்கு நிம்மதி அண்ணா. ஒண்ணே ஒண்ணு, நான் வீட்ல இருக்கும்போது மட்டும்தான் மோட்டார் போடணும். பழைய வயரிங். மோட்டார் ஓடினா வோல்டேஜ் இறங்கி அப்பா மெஷின் நின்னுடும். நான் இருந்தா சிலிண்டருக்கு மாத்திடுவேன். அவரால அந்த வால்வைத் திறக்க முடியாது."

சரிம்மா என்றேன். அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

அந்த பேஸைப் பற்றிக் கேட்டால் அவர் பேச்சை மாற்றிவிடுவார். ஞாயிறு ஆராதனைக்கு ஆர்கன் வாசித்த கதைதான் பேசுவார். கடைசியில் என் நாற்பத்தொன்றாவது பதிவை அவர் காதிலேயே போட்டேன்.

"நல்லா இருக்கே ஜெபராஜ். என்னோடதை விட நல்லா இருக்கு."

"ஆனா அது இல்லையே சார்."

"அதையே ஏன் பிடிச்சுத் தொங்குறீங்க? அது தப்புப்பா. நான் நேராத்தான் வாசிச்சேன். அப்போ குடியிருந்த வீட்டு ஓனர் நடுவுல மோட்டார் போட்டுட்டார். கரன்ட் இறங்கி கீபோர்டு தடுமாறிடுச்சு. வேற டேப் இல்ல, அப்படியே விட்டுட்டேன். நான் எங்க பண்ணினேன்? மோட்டார் பண்ணுச்சு."

சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. நான்தான் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்ததாக எழுதிக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஒழுங்கான வழியில்தான் முயன்றேன். வோல்டேஜைக் கையால் குறைக்கும் பெட்டி ஒன்று வாங்கி கீபோர்டுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தேன். ஸ்வரம் வழுக்கிக்கொண்டு இறங்கியது, தடுமாறவில்லை. தண்ணீரை இழுக்கும் மோட்டார் கரன்ட்டை ஒரே சீராக இழுக்காது. அந்தத் திணறல் வேண்டும் என்றால் மோட்டாரே வேண்டும்.

ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு, இரண்டே நிமிடம் போட்டேன். வோல்ட் மீட்டர் இருநூற்று முப்பதிலிருந்து நூற்று எண்பதுக்கு இறங்கியது. முதல் தடவையாக அந்தச் சரிவு லேசாகக் கேட்டது. மேலே மெஷின் நின்று அலாரம் அடித்தது. உடனே நிறுத்திவிட்டு ஓடினேன். அவர் உதடு கொஞ்சம் நீலமாக இருந்தது. கரன்ட் போயிடுச்சா என்று கேட்டார். லைன்ல ஏதோ கோளாறு சார் என்றேன். அது பொய். பொய்யை நான் பொய் என்றே சொல்கிறேன்.

அடுத்த மூன்று வாரத்தில் ஒன்பது தடவை. இரண்டு நிமிடம், பிறகு மூன்று, பிறகு நான்கு. நான்குக்கு மேல் அவரால் தாங்க முடியாது என்று கண்டுகொண்டேன். ஜாஸ்மின் இதைக் கவனக்குறைவு என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது சரியல்ல சார். நான் கவனமாகத்தான் இருந்தேன்.

ஆனால் நூற்று எண்பது போதவில்லை. மோட்டாரோடு கீசரும் இரண்டு இஸ்திரிப் பெட்டியும் போட்டால் நூற்று அறுபது கிடைத்தது. அதுதான் இடம். இன்னொரு தொல்லை, அந்த அலாரம். மைக்கில் ஏறிவிடும். அதை வடிகட்டினால் பேஸில் உள்ள பளபளப்பும் சேர்ந்து போய்விடும். பத்துப் பதிவு அதனால் வீணானது. அந்த எரிச்சலை உங்களுக்கு எப்படிச் சொல்வது?

அந்தச் சமயத்தில் ஜாஸ்மினே என்னிடம் வந்தாள். "அப்பா ரொம்ப டல்லா இருக்கார் அண்ணா. மெஷின்ல எதாவது ப்ராப்ளமான்னு பாக்குறீங்களா?" பார்த்தேன். மெஷின் நன்றாகவே இருந்தது. கரன்ட் போனால் அலாரம் அடிப்பதற்கென்று பின்பக்கம் ஒரு சின்ன பேட்டரி இருப்பதையும் அப்போதுதான் பார்த்தேன்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு மாடிக்குப் போனேன். சாப்பிட்டாரா என்று விசாரித்தேன். தூசி தட்டுகிறேன் என்று சொல்லி அந்த பேட்டரியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். "ரொம்ப தேங்க்ஸ்ப்பா. உங்களுக்குத்தான் எவ்வளவு தொந்தரவு" என்றார்.

கீழே வந்து எல்லாவற்றையும் போட்டேன். நூற்று அறுபது. ரெக்கார்டிங்கை ஓடவிட்டேன். வந்தது சார். முதல் சரிவிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் நான்கு நிமிடத்தில் நிறுத்தவில்லை என்று நேற்று கேட்டீர்கள். பாட்டு பதினோரு நிமிடம். அதன் நீளத்தை நான் முடிவு செய்யவில்லை.

மூன்றாவது நிமிடத்தில் தலைக்கு மேலே தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. கைத்தடி. ஆறாவது நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. பாட்டு முடிந்த அடுத்த நொடியே மோட்டாரை அணைத்தேன். மேலே போய்ப் பார்த்துவிட்டு ஜாஸ்மினுக்கு நான்தான் போன் செய்தேன்.

இரண்டு நாள் கழித்துக் குழுவில் போட்டேன். இதுதான், இதேதான் என்று பதில் வந்தது. அடக்க ஆராதனைக்குப் பிறகு, அவளுக்கு ஆறுதலாக இருக்குமே என்று ஜாஸ்மினுக்கும் போட்டுக் காட்டினேன். பாதியில் என் கையைப் பிடித்தாள். "அண்ணா, இது என்ன தட்டுற சத்தம்?" என்றாள். அவளைக் கூப்பிட அப்பா அப்படித்தான் தட்டுவாராம். அது எனக்குத் தெரியாது. அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள்.

அவரைக் கொன்றது நான்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, சத்தம் தாளத்தோடு இத்தனை கச்சிதமாகப் பொருந்துகிறதே, இது டிரம்மாக இருக்கலாம் என்று உங்கள் நிபுணர் சொன்னாராம். டிரம் இல்லை சார். பதினேழு தட்டல். அவர் தட்டியபோது ஒன்றுகூடத் தாளத்தில் இல்லை. அன்று சாயங்காலம், மேலே ஜனங்கள் வந்து போய்க்கொண்டிருக்கும்போது, நான்தான் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக நகர்த்திச் சரியான இடத்தில் வைத்தேன். கடைசி இரண்டும் ரொம்ப மெலிதாக இருந்தன. அவற்றுக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டினேன். யாருக்கும் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று.