டிரைவர் என்னும் கிருமி

அவைக்குத் தலைமை ஏற்று, என் பேச்சு நீளுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே! நோயையும் நோயாளியின் கோபத்தையும் ஒருசேரத் தாங்கும் செவிலியர்களே! மருந்துப் பையோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! நெற்றியில் கைவைத்தே காய்ச்சலை அளந்துவிடும் தாய்மார்களே! நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தின் சார்பில் உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

கண்ணுக்குத் தெரியாத பகைவனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வாளில்லாதவன், வேலில்லாதவன், காலில்லாதவன்; ஆனால் ஒருவர் காலையே பறித்தவன்! யார் காலை? இதோ, முதல் வரிசையில் ஊன்றுகோலோடு மனைவி பக்கத்தில் அமர்ந்திருக்கிறாரே, அவர் காலை. பேருந்து ஓட்டியவர். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன்.

விபத்தில் எலும்பு முறிந்தது. எலும்பு சேருமுன்னே கிருமி சேர்ந்தது. எந்த மருந்து கேட்கும் என்று அறிய, கிருமியைப் பூசிய தட்டில் மருந்து வில்லைகளை வைப்போம். எந்த மருந்து வேலை செய்கிறதோ அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழும். இவர் தட்டில் எந்த வில்லையைச் சுற்றி விழுந்தது? எதைச் சுற்றியும் இல்லை!

இவர் மனைவி என் அறைக்கு வந்தார்.

"மேடம், உங்க லேப்ல ஏதோ புது மருந்து கிருமியைக் கொல்லுதாமே. இவருக்குப் போட்டுடுங்க. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்."

"அது கிருமியையும் கொல்லுது, சிறுநீரகத்தையும் கொல்லுதும்மா. குடுக்க மாட்டேன்."

"கால் போனா அவர் எப்படி வண்டி ஓட்டுவாரு?"

அப்போதும் நான் கொடுக்கவில்லை. கால் போயிற்று.

காயம் ஆறியதும் இவர் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். "என் காலைத் தின்னவனை ஒரு தடவை பாக்கணும் மேடம்." கண்ணாடிக்குப் பின்னால் தட்டைக் காட்டினோம். மஞ்சளாய்ச் சில புள்ளிகள். "இத்துனூண்டா? ஏண்டா, ஊர்ல உனக்கு வேற காலே கெடைக்கலையா?" என்றார். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நாங்களும் அன்று சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதோம்.

பிறகு கேட்டார்: "இவனை என்ன பண்ணுவீங்க?"

"ஆவியில வேகவெச்சு அழிச்சிடுவோம்."

"வேணாம், வெச்சுக்கங்க. இவனைச் சாய்க்கிற மருந்துதான் மருந்து."

அன்று முதல் அந்தக் கிருமி எங்கள் உறைபெட்டியில் உறங்குகிறது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் டிரைவர். மண்ணிலிருந்தும் சேற்றிலிருந்தும் எந்தப் பொருளைப் பிரித்தெடுத்தாலும் முதல் தேர்வு டிரைவரிடம்தான். போனவை எத்தனை! தோற்றுத் திரும்பியவை எத்தனை!

சென்ற மாதம் எங்கள் ஆய்வு மாணவி, சேற்றிலிருந்து பிரித்த ஒரு பொருளை டிரைவர் மேல் வைத்த தட்டை நீட்டினாள். வட்டம்! நான் நம்பவில்லை. எங்கள் மேசை துடைக்கும் ஸ்பிரிட் ஒரு சொட்டு பட்டாலும் வட்டம் விழும்; ஏமாந்து ஏமாந்து பழகியவர்கள் நாங்கள். "ஸ்பிரிட் பட்டிருக்கும், திரும்பப் பண்ணு" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் ஓடி வந்தாள். "மேடம், மறுபடியும் வட்டம்! சிறுநீரகச் செல்லு எல்லாம் உயிரோட இருக்கு!"

இந்தப் பொருள் இன்னும் மருந்தல்ல. விலங்குகளில் பார்க்க வேண்டும், மனிதர்களில் பார்க்க வேண்டும், ஆண்டுகள் ஆகும். அதுவரை இருக்கும் மருந்துகளையாவது காப்பாற்ற வேண்டாமா? சளிக்கெல்லாம் நீங்களே வாங்கி விழுங்கலாமா? பாதியில் நிறுத்தி, மருந்துக்குக் கிருமியைப் பழக்கலாமா? "என் வீட்டுக்காரர் அப்படித்தான்" என்கிறார் அங்கே ஓர் அம்மா. நாளைக்கே அவரைக் கையோடு கூட்டி வாருங்கள், நான் பேசிக்கொள்கிறேன்!

வட்டம் விழுந்த செய்தியைச் சொல்ல, முதல் வரிசையில் இருக்கும் இவர்கள் வீட்டுக்குத் தொலைபேசினேன். கேட்டதும் இவர், "இருங்க மேடம், அவகிட்டயும் சொல்லுங்க" என்றார். மனைவி வாங்கிப் பேசினார்.

"அன்னிக்கு மாட்டேன்னீங்க. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரலை மேடம். ஆனா நாளைக்கு இன்னொருத்தி வந்து அதே மாதிரி கேட்டா, நீங்க 'சரிம்மா'ன்னு சொல்லணும்."

தாயே! அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் உழைக்கிறோம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தோற்கிறோம், துடைக்கிறோம், திரும்பத் தொடங்குகிறோம். அதைச் சொல்லும் நாளில் உங்கள் கோபம் தீரட்டும். அதுவரை தீர வேண்டாம்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தை மறந்துவிட்ட தலைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.