துப்பாக்கி மகாராணி பாட்டில் ஒரு பூனைக்குட்டி

முணுமுணுக்காதம்மா... போதும். இந்தக் கடைக்குள்ள அந்தப் பாட்டு ஆகாது. உன் மேல கோவமில்ல, நீ இந்த ஏரியாவுக்குப் புதுசு, உனக்கென்ன தெரியும். தலைய ஆட்டாத! காத மடக்கிப் பிடிச்சுக்கோ. அடுப்புலேர்ந்து எடுத்த சீப்பு, பட்டா தோலு வழண்டுரும். அப்புறம் வெர்டெல் கடையில முடி நேராக்கப் போனேன், காத வறுத்து அனுப்பிட்டான்னு லாங் பீச் ஊரு பூரா சொல்லிட்டுத் திரிவ.

யாரு பாட்டுன்னு தெரிஞ்சுதான் முணுமுணுத்தியா? குயின் பிஸ்டலாம்! துப்பாக்கி மகாராணி! ஆல்பம் அட்டையில பாத்திருப்பியே, கண்ண உருட்டிக்கிட்டு, கையில துப்பாக்கியோட. அது துப்பாக்கியே இல்லம்மா. அவங்கம்மா ஓர்லீன் சிகரெட் பத்தவைக்கிற லைட்டரு. விசைய அழுத்துனா இத்துனூண்டு நெருப்பு வரும், அவ்வளவுதான். அவ நெசப் பேரு ஷவோண்டா. என் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி. நான் தூக்கி வளத்த கழுதை.

"ஆறு பேரப் போட்டேன், ஏழாவது நீதான்"னு பாடுறாளே... யாரடி போட்ட? ஒரு கரப்பான்பூச்சியப் போடத் தெரியாது அவளுக்கு! குளியலறையில கரப்பானப் பாத்துட்டா "வெர்டெல் அத்தை! வெர்டெல் அத்தை!"ன்னு துண்டோட ஓடி வருவா. நான்தான் செருப்ப எடுத்துட்டுப் போகணும். தெரு விளக்கு எரியுறதுக்குள்ள வீட்டுக்கு வரலன்னா ஓர்லீன் வாசல்ல நின்னு முழுப் பேரையும் சொல்லிக் கூப்புடுவா. இருவத்திமூணு வயசாச்சு, இன்னும் அந்தச் சத்தத்துக்கு ஓடி வர்றா. இவ ரவுடியாம்!

இன்னொன்னு கேளு. "ஜெயிலுக்குள்ள போனேன், திரும்பி வந்தேன்"னு ஒரு பாட்டு. போனா. அது நெசம்தான், நான் பொய் சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு எங்க சபைப் பாடகர் குழுவோட கைதிங்களுக்குப் பாட்டுப் பாடப் போனா. வேன்ல கூட்டிட்டுப் போனதே நான்தான். ரெண்டு பாட்டுப் பாடுனா, கேக்கு தின்னா, திரும்பி வர்ற வழியெல்லாம் தூங்கினா. அதுக்கு ஒரு பாட்டு!

மணி பாக்காதம்மா. கல்யாணம் சாயங்காலம்தானே? நாத்தனார் கல்யாணம்னா கொஞ்சம் லேட்டாப் போனாத்தான் மரியாதை. பாதித் தலை நேரா, பாதித் தலை சுருட்டையா எங்க போவ நீ? உக்காரு.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், அந்த ஆல்பம். அதுல அவ சொந்தச் சரக்குன்னு வாய் ஒண்ணுதான். மத்ததெல்லாம் சாம்பிளு. தெரியுமில்ல? பழைய ரெகார்டுலேர்ந்து ஒரு துண்ட வெட்டுவாங்க. அதையே சுத்திச் சுத்தி ஓட விடுவாங்க. அதுக்கு மேல ஏறி நின்னு ராப் பாட்டுன்னு இவ ஏசுவா. ரெகார்டு மட்டும்னு நெனைக்காத. தெருவையே வெட்டி ஒட்டியிருக்கா! ரெண்டாவது பாட்டுல பட பட பட்டுன்னு சுடுற சத்தம் வருதே, அது என்னங்கற? நம்ம தெரு மிஸ்டர் டாலிவரோட ஓட்ட வேன். காலையில கிளப்பும்போது பொகையக் கக்கிட்டு வெடிக்கும். இவ ஜன்னல்ல மைக்க நீட்டிப் பிடிச்சிருக்கா. மனுஷன் இப்ப வேனச் சரி பண்ணவே மாட்டேங்குறாரு. மெக்கானிக்கு தானா வந்து கேட்டதுக்கு, "கை வெச்சே கொன்னுருவேன், அது பாட்டுல வந்த வேன்"னாராம். பெட்ரோல் போடுற எடத்துலயெல்லாம் எஞ்சினத் தட்டித் தட்டிக் காட்டுறாரு.

அப்புறம் ஒரு பேய்க் குரலு வருமே, "எதிரிகளைத் தூளாக்குவேன்"னு... அது எங்க சபை டீக்கன் ஹோரஸ்! ஞாயித்துக்கெழம ஜெபம்! அதக் கேசட்டுல பிடிச்சு, மெதுவா ஓட்டியிருக்கா. எலி மாதிரி மனுஷன், மெதுவா ஓட்டுனதும் எமன் மாதிரி ஆயிட்டாரு. மொதல்ல கேட்டுட்டு நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காந்தாரு. அடுத்த வாரம் பாத்தா கறுப்புக் கண்ணாடி போட்டுட்டுச் சபைக்கு வர்றாரு! பொண்டாட்டிகிட்ட குரலத் தாழ்த்தித்தான் காப்பியே கேக்குறாராம்.

வில்லா மேயோட சிரிப்பு கூட இருக்கும்மா. சபையில என்கூட ஆல்ட்டோ, அதான் கீழ்க்குரல், பாடுறவ. அவ சிரிப்பு ஒரு சிரிப்பா? கோழி கழுத்தத் திருகுன மாதிரி! அதப் போட்டிருக்கா! அப்ப யார விட்டா? சொல்லு. வேனப் போட்டா, டீக்கனப் போட்டா, கோழியப் போட்டா... என்ன விட்டுட்டா.

ஆமாம்மா. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. உங்கிட்ட என்னத்துக்கு மறைக்கணும்? நான் பாடகி. சபையில இல்ல, அதுக்கு முன்னாடி, நெசமான பாடகி. எழுபத்திமூணுல என் பேரு போட்டு ஒரு ரெகார்டு வந்துச்சு. அட்டையில கவுன் போட்டு, கைய இடுப்புல வெச்சு, இந்த ஒடம்பா அது! என் புருஷன் பெட்டியத் தூக்கிட்டுப் போன வாரம் ரெக்கார்டிங்கு. "கதவு தொறந்துதான் இருக்கு"ன்னு ஒரு பாட்டு. ரொம்ப மெதுவாப் போகும். கடைசியில வார்த்தை வரல எனக்கு. வெறும் இழுவைதான், ம்ம்ம்ம்ஹூம்னு. அழுகைன்னும் சொல்ல முடியாது, பாட்டுன்னும் சொல்ல முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆம்பளைங்கல்லாம் கண்ணத் தொடச்சாங்க. ஆனா ரேடியோக்காரன் ஒருத்தனும் போடல. ஒருத்தனும்! அப்புறம் நான் சீப்பப் பிடிச்சேன்.

அந்த ரெகார்டத்தான் ஷவோண்டா வந்து இரவல் கேட்டா. "அத்தை, இதுலேர்ந்து கொஞ்சம் எடுத்துக்கிடலாமா?"ன்னா. எனக்குத் தலகால் புரியல. "எடுத்துக்கோடி கண்ணு, எவ்வளவு வேணாலும் எடுத்துக்கோ"ன்னேன். ஒரு மாசம் வெச்சிருந்தா. பூப்போட்ட துணியில சுத்தித் திருப்பிக் கொடுத்தா. நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன், என் குரல் வரப்போகுதுன்னு. சபையில சொன்னேன், தபால்காரர்கிட்ட சொன்னேன். ஆல்பம் வந்துச்சு. உக்காந்து மொதப் பாட்டுலேர்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டேன். கெட்ட வார்த்தையெல்லாம் முழுங்கிட்டுக் கேட்டேன். நான் இல்ல. ஒரு இழுவை இல்ல, ஒரு மூச்சு இல்ல!

எனக்கு எப்புடி இருந்திருக்கும்? மூஞ்சில காறித் துப்புன மாதிரி இருந்துச்சும்மா. வில்லா மே வேற வந்து, "என்னடி, உன்னக் காணோம்?"னு நைசாக் கேக்குறா.

காதப் பிடி. இந்தப் பக்கம்... ஆங்.

அடுத்த ஞாயிறு சபையில சாட்சி சொல்ற நேரத்துல எந்திரிச்சேன். "சகோதரிகளே, நம்ம பிள்ளைங்க காதுல விஷம் பாயுது"ன்னு ஆரம்பிச்சேன் பாரு... எனக்கே தெரியாது எனக்குள்ள இவ்வளவு பிரசங்கம் இருக்குன்னு. மொத ஆமென் யாரு சொன்னா? வில்லா மே! வீடு வீடாப் போனோம். கேசட்டு, சி.டி., எல்லாத்தையும் வாங்கிப் பொட்டியில போட்டோம். கடைக்காரன்கிட்ட இருந்த மொத்தத்தையும் சபைப் பேர்ல வாங்கிட்டு வந்தேன். சபை வாசல்ல வண்டி நிறுத்துற எடத்துல குவிச்சு, மிஸ்டர் டாலிவர வேன ஏத்தச் சொன்னேன். பாவம் மனுஷன், தன் வேன் சத்தத்த தன் வேனாலயே நசுக்கணுமான்னு கண்ணு கலங்குனாரு. விடல நான். முன்னாடி ஒருக்கா, பின்னாடி ஒருக்கா. நொறு நொறுன்னு... போருல ஜெயிச்சவ மாதிரி நின்னேன்.

மறுநாள் ஷவோண்டா இங்க வந்தா. தோ, அந்தக் கதவுகிட்டத்தான் நின்னா, உள்ள கூட வரல. "கெட்ட வார்த்தைக்கு மன்னிச்சிருங்க அத்தை"ன்னா. நான் சொன்னேன், "கெட்ட வார்த்தைய உங்கம்மா பாத்துக்குவா. அந்தக் கோரஸ்ல ஒருத்தி கத்துறாளே, வால மிதிச்ச பூனைக்குட்டி மாதிரி, கீச் கீச்சுன்னு... என்னது அது? என் பாட்டக் கையில வெச்சுக்கிட்டு அந்தப் பூனையவா போடுவ? தூக்கு அத. வெக்கங்கெட்டவ எவளோ, அவ குரல இந்தத் தெருவுல நான் கேக்கக் கூடாது"ன்னேன். அவளுக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சு. "சின்ன வயசுலேர்ந்து அந்தக் குரலக் கேட்டுத்தான் வளந்தேன் அத்தை"ன்னா. "எவளா இருந்தா எனக்கென்ன, தூக்கு!"ன்னேன். "சரி அத்தை"ன்னுட்டுப் போயிட்டா. ஆறு பேரப் போட்டவ, மூக்க உறிஞ்சிட்டே போறா.

சொன்ன சொல்லு தட்ட மாட்டா அவ. அடுத்து அடிச்ச கேசட்டுல பூனை இல்ல. அந்த எடத்துல அதே மெட்டுக்குப் புல்லாங்குழலு. எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு.

அதோட விட்டிருந்தா நான் நிம்மதியாச் செத்திருப்பேன்... போன மாசம் வீட்டச் சுத்தம் பண்ணுறேன். என் ரெகார்ட ஓட விட்டுட்டு பிளேயரத் தொடைக்கிறேன். தொடைக்கும்போது துணி பட்டு வேகத்த மாத்துற விசை தள்ளிருச்சு. நல்ல கடைசி எடம், அந்த இழுவை. மெதுவாச் சுத்த வேண்டியது விர்ருன்னு சுத்துது... கீச்சுன்னு... 

பூனைக்குட்டிம்மா. என் வீட்டு நடுக்கூடத்துல, என் தொண்டையில.

அவ வேகமா ஓட்டியிருக்கா! டீக்கன மெதுவா ஓட்டி எமனாக்குன மாதிரி, என்ன வேகமா ஓட்டிப் பூனையாக்கியிருக்கா. அதுவும் ஒரு பாட்டுல இல்ல, தலைப்புப் பாட்டுல! கோரஸ் வர்றப்பெல்லாம்! நீ முணுமுணுத்துட்டு வந்தியே, அது யாருங்கற? நான்! இருவத்திரெண்டு வருஷமா ஒரு பய கேக்காத குரலு, பஸ்ஸுல பாடுனாங்க. பள்ளிக்கூடத்துல கயிறு தாண்டுற பொட்டப் புள்ளைங்க அந்த இழுவைக்குத்தான் குதிச்சாங்க. ஊரே பாடிச்சு. நான் வேன ஏத்துனேன். தரையில உக்காந்து அழுதேம்மா. புருஷன் போனப்பக் கூட அப்படி அழல.

வில்லா மேகிட்டப் போய்க் கேட்டேன். "ஏன்டி, எனக்கு மொத நாளே தெரியுமே! உனக்கும் தெரியும், அடக்கத்துல மறைக்கிறேன்னு நெனச்சேன்"னா. பாதகத்தி! அன்னைக்கு ரெக்கார்டிங்குல என் பக்கத்துல நின்னு ஆல்ட்டோ பாடுனவளாச்சே. அவளுக்குத் தெரியாமப் போகுமா? தெரிஞ்சுக்கிட்டே ஆமென் போட்டிருக்கா!

என்ன அப்படிப் பாக்குற? ஷவோண்டாகிட்டயே கேக்குறதுக்கென்னங்குறியா? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேப்பேன்? எனக்கு எல்லாம் தெரியும், என் குரலையே நான் வெறுக்குறேன்னு அந்தப் புள்ள நெனச்சிட்டிருக்கு. இன்னைக்கும் காலையில குனிஞ்ச தலையோட "அத்தை, சாப்டீங்களா"ன்னுட்டுப் போறா. அந்தப் பழைய கேசட்டு ஒண்ணு கெடச்சாப் போதும், வீட்டுல ஒளிச்சு வெச்சுக் கேட்டுக்குவேன். கடை கடையாத் தேடுனேன். ஒரு கடைக்காரன் சொல்றான், "எல்லாத்தையும் நீங்கதானே அள்ளிட்டுப் போனீங்க"ன்னு.

அந்தப் பக்கம் திரும்பு. நெத்திகிட்ட இன்னும் கொஞ்சம்... இரு.

ஷ்ஷ்.

நீ பேசல, தெரியும், சும்மா இரு... கேக்குதா? முக்குல... செவப்பு வெளக்குல நிக்குதே அந்த நீல வண்டி... ஐயய்யோ. புல்லாங்குழல் இல்ல. இல்லம்மா, புல்லாங்குழல் இல்ல! பழசு! பழசு!

இந்தா, சீப்பப் பிடி... கட்டையப் பிடிடி, இரும்பப் பிடிக்காத! அடுப்ப அணைச்சிரு! பாதித் தலைதானே, தொப்பி வெச்சுக்கோ, கல்யாணப் பொண்ணா நீ? வழிய விடு!

ஏய்யா! ஏய் தாடிக்காரரே! கண்ணாடிய ஏத்தாதீங்க, நில்லுங்க! பச்சை விழுந்தா விழட்டும், பின்னாடி நிக்கிறவன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்! ஏன் பயப்படுறீங்க? ஆமாய்யா, வேன ஏத்தி நசுக்குன பொம்பளதான்... அதே பொம்பளதான். பாடுனவளும் நான்தான்யா! சத்தத்தக் கூட்டு!