காயலாங்கடைக்குப் போன சோலாப்பூர்

சோமனூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கணவனும் மனைவியும்.

“சோலாப்பூரை நேத்து காயலாங்கடைக்குப் போட்டுட்டனுங்க,” என்றாள் அவள்.

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. “அட அம்மணி! மூணு மாசம் அந்த மில்லுல மெஷின் மாட்டுன ஞாபகத்துக்கு வெச்சிருந்த போல்ட்டு அது!”

“மாட்டுன மில்லுக்கெல்லாம் ஒரு போல்ட்டுன்னா, பொட்டியத் தூக்க முடியலீங்க.”

“கண்ணாலமாகி மொதல்ல போன ஊரு அது.”

“தெரியுமுங்க.” மணிபர்ஸைத் திறந்து ஒரு மங்கிய பஸ் டிக்கெட்டைக் காட்டினாள். “அங்கிருந்து ஊடு வந்தன்னிக்கு உங்க சட்டைப்பையில இருந்ததுங்க. நீங்க திரும்பி வந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கறனுங்க. கனமே இல்ல.”

டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இறங்கும்போது சொன்னார்: “அந்தப் பொட்டியில இந்தூர் இருக்குது. அதையும் போட்டுரு.”