நகராத ஆறு

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, எனக்கு அப்படித்தான் பிடிக்கும். நீங்களும் குடியுங்கள். முகத்தை இப்படி உர்ரென்று வைத்துக்கொண்டு விசாரித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

என் பெயர் லைசன் கபலமுலா. தலைநகர் லிலோங்வேயில் ஓர் அலுவலகம். மருத்துவமனைகளுக்கான விதிகளைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது என் வேலை. மருத்துவத் தொழிலின் தரம் எங்கே போகிறதோ, விதியும் பின்னாலேயே போக வேண்டும். அந்தத் தரத்தை வகுக்கும் சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான். மற்ற உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. ஆகவே காலையில் சங்கத்தில் உட்கார்ந்து தரத்தை உயர்த்துவேன். மதியம் மீனும் சோளக்களியும் சாப்பிட்டுவிட்டு அலுவலகத்துக்கு வந்து, 'அடடா, பின்தங்கிவிட்டோமே' என்று பதறி விதியை மாற்றுவேன். படியேறும்போது என்னையறியாமல் விசில் அடித்த நாட்களும் உண்டு.

ஏரிக்கரையில் சிஸ்டர் எஸ்தேலே ங்குவாஸி ஒரு பிரசவ விடுதி நடத்தினார். மழைக்காலத்தில் அந்தக் கரைப் பெண்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி அக்கரையில். நடுவில் ஆறு, பாலம் கிடையாது. முதலில் கதவின் அகலம் போதாது என்று எழுதினேன். ஊரே கூடிச் செங்கல் அறுத்து, சுவரை இடித்துக் கட்டியது. பிறகு முழங்கையால் திறக்கிற குழாய் வேண்டும் என்றேன். எங்கிருந்தோ வாங்கி மாட்டிவிட்டார். கூரை போட்ட நடைபாதை கேட்டேன். பெண்கள் தலையில் ஓடு சுமந்து, பாடிக்கொண்டே போட்டு முடித்தார்கள். திறப்பு நாளில் டலிட்ஸோ என்ற பெண் என் கையைப் பிடித்து ஆட இழுத்தாள். நானும் ஆடினேன். என்ன சந்தோஷம் தெரியுமா, ஐயா. நாட்டிலேயே அவ்வளவு சுத்தமான விடுதி கிடையாது. எல்லாம் என் நச்சரிப்பில் வந்தது.

ஆனால் அவர் எட்டிப் பிடித்துவிட்டால் மத்தியானத்தில் எனக்கு வேலை இல்லை. நாற்காலியில் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. அறுவை அரங்கு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குச் சாலை வழியாகச் சட்டென்று போக முடியாத இடத்தில் பிரசவம் பார்க்கக் கூடாது. உயர்ந்த தரம். காலையில் சங்கம் நிறைவேற்றியபோது கைதட்டினேன், தனியாகத்தான்.

பூட்டுவதற்கு நானே போனேன். நல்ல மழை. சிஸ்டர் வாசலை மறித்து நின்றார்.

"சுவரை இடிக்கச் சொன்னீங்க, இடிச்சேன். குழாயை மாத்தச் சொன்னீங்க, மாத்தினேன். ஆத்தை எங்கய்யா நகர்த்தி வைக்கிறது?"

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கேள்வி அவ்வளவு நியாயமானது.

"நல்லா கேட்டீங்க சிஸ்டர். அடுத்த திருத்தத்துல பாத்துக்கலாம். இப்ப உள்ள ஒருத்தரும் இருக்கக் கூடாது."

"உள்ள டலிட்ஸோவுக்கு வலி எடுத்திருச்சு. இப்பவோ அப்பவோன்னு இருக்கா. கொஞ்சம் பொறுங்க, உங்க பூட்டு எங்கயும் ஓடிப் போயிடாது."

பொறுத்திருக்கலாம். ஆனால் விதி அன்றைக்கே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கே பிறக்கும் குழந்தை தரமில்லாத இடத்தில் பிறந்ததாகிவிடும். எனக்கு மனசு வரவில்லை. "எந்திரி தங்கச்சி, அக்கரையில பெரிய ஆஸ்பத்திரி இருக்கு" என்று பக்குவமாகச் சொன்னேன். அந்த வலியிலும் அவள் எனக்கு நன்றி சொன்னாள். தோணிவரை குடை பிடித்தது நான்தான். அவள்மேல் ஒரு துளி விழவில்லை. சிஸ்டரும் கூடவே ஏறிக்கொண்டார்.

நடு ஆற்றில் தோணி கவிழ்ந்தது. சிஸ்டரை மட்டும் இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

அந்த ஆறு எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும், நான் அந்தக் கரையில் பிறந்தவன். அந்த வெள்ளத்தில் தோணி தாங்காது என்று தெரிந்துதான் அவளை ஏற்றிவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் பூட்டிய நாளிலிருந்து அந்த விடுதியில் ஒரு தாய்கூடச் சாகவில்லை.